பீரான் வாய் திறக்காத சீசன்

பாறப்புரத்தில் இறைச்சி வாங்கப் போகிறவருக்குப் பொறுமை வேண்டும். கூட்டம் அதிகம் என்பதால் அல்ல, பீரான் பேசி முடிக்க வேண்டும் என்பதால். புதனும் ஞாயிறும் விடிகிற நேரத்தில் எருமைக்கடாவை அறுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வெட்டுக்கட்டைக்கு முன்னால் வந்து நிற்பார். முதல் ஆளுக்குத் தொடைக்கறி வெட்டத் தொடங்கும்போது முந்தின கால்பந்து ஆட்டத்தின் முதல் நிமிடமும் தொடங்கும். ஊர் அணியான பிரதர்ஸ் பாறப்புரம் தோற்ற வாரமென்றால் ஏழு மணிக்கு வரிசையில் நின்றவர் எட்டரைக்குத்தான் வீடு திரும்புவார். அவர் சொல்வதை ஆமோதித்தவர் பையில் ஈரல் ஒரு துண்டு கூடுதலாக விழும். மறுத்தவர் பையில் கொழுப்பு விழும். இது ஊரறிந்த விஷயம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் பக்கத்தில் பந்து என்றால் ஏழு பேர் ஆடுகிற பந்துதான். அறுப்பு முடிந்த வயலில் கமுகு மரத்தைப் பிளந்து கேலரி கட்டி, விளக்குக் கம்பம் நட்டு, டிசம்பரில் தொடங்கினால் மழை வந்து விரட்டும்வரை ஆடுவார்கள். கிழக்குக் கேலரியில் ஆறாவது வரிசை பீரானுடையது. டிக்கெட் இல்லாமலே உள்ளே விடக் கமிட்டிக்காரர்கள் தயார்தான், அவர்தான் சம்மதிக்க மாட்டார். ஓசியில் பார்த்தால் வாயும் ஓசியாகிவிடும் என்பார்.

திட்டுவதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டக்காரனைத் திட்டக் கூடாது. ஓடுகிறவன் அவன், அடிபடுகிறவன் அவன். கோச்சைத் திட்டலாம். அவர் கோட்டுக்கு வெளியே சட்டை கசங்காமல் நிற்கிறார், யோசிக்க நேரம் இருக்கிறது, யோசிப்பதற்குத்தான் கூலியும் வாங்குகிறார். இந்தச் சட்டத்தை மீறி ஒரு ஆட்டக்காரனைக்கூட அவர் வைததில்லை. கோச்சுகளை அந்த மிச்சத்தையும் சேர்த்து வைதார்.

அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் சங்குண்ணி மாஷ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இறைச்சியைக் கையால் தொடாதவர், ஆனாலும் ஞாயிறு காலையில் இறைச்சிக்கடைக்கு வந்துவிடுவார். பீரான் சொன்னதை மறுக்காமல் அவருக்குக் காபி இறங்காது. கோச்சுக்குத் தெரிந்தது கேலரிக்குத் தெரியாது என்பது மாஷின் கட்சி. யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கணுக்கால் வீக்கம், எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் நமக்குத் தெரியுமா என்று கேட்பார்.

"நீ கறி வெட்டுறப்ப நான் வந்து கத்தியை இப்படிப் பிடி, அப்படிப் பிடின்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும் பீரான்?" என்று ஒருமுறை மாஷ் கேட்டார்.

"கத்தியைப் பத்திச் சொல்லாதீங்க மாஷே. கறி எலும்பா இருந்தா சொல்லுங்க. தின்னுறவன் சொல்லாம யாரு சொல்லுவா?" என்றார் பீரான்.

பன்னிரண்டு வருடத்தில் நான்கு கோச்சுகள் பாதி சீசனிலேயே மூட்டை கட்டினார்கள். பீரான்தான் விரட்டினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு பேருமே கடைசி ஆட்டம் முடிந்து வெளியேறும்போது ஆறாவது வரிசையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதைப் பீரான் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது கோச் அவருடைய மருமகனாக வந்து வாய்த்தான்.

நௌஃபல் ஆற்றுக்கு அக்கரைக்காரன். ஒரு காலத்தில் வலது ஓரத்தில் அவன் பந்தோடு கிளம்பினால் கேலரியே எழுந்து நிற்கும். இருபத்தாறு வயதில் முட்டி திரும்பிக்கொண்டது. இரண்டு முறை அறுத்துப் பார்த்தும் பழைய முட்டி வரவில்லை. பிறகு அண்ணனின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தான். போன வருடம் பீரானின் மகள் ஜஸீலாவை நிக்காஹ் செய்துகொடுத்தபோது, நல்ல ஆட்டக்காரன் வீட்டுக்கு வருகிறான் என்று பீரான் கல்யாணப் பந்தலிலேயே கண் கலங்கினார்.

மருமகனுக்கு மரியாதை என்றால் எங்கள் ஊரில் அது சாதாரண மரியாதை இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நௌஃபலும் ஜஸீலாவும் சாப்பிட வருவார்கள். நெய்ச்சோறு, அரிசிப் பத்திரி, வரட்டிய இறைச்சி, பொரித்த கோழி என்று மேசை நிறையும். தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவனைப் பீரான் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். கறியில் உப்பு இல்லை என்று மருமகன் சொன்னால் இல்லைதான். இருக்கிறது என்று மாமனார் வாதாடியதாக எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை கமிட்டிச் செயலாளர் குஞ்ஞாலி கடைக்கு வந்து, இந்த வருடம் நௌஃபல்தான் கோச் என்று சொன்னபோது பீரானின் கத்தி பாதி எலும்பில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள். அன்று மத்தியானமே அவர் மனைவி சுலைகா சட்டம் போட்டுவிட்டாள். பந்து பார்க்கப் போகலாம். வாய் வீட்டில் இருக்க வேண்டும்.

பீரான் அப்படியே செய்தார். முதல் ஆட்டத்தில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசை ஆட்களை முன்னே ஏறவிட்டு நௌஃபல் ஒரு கோல் வாங்கியபோது கேலரி முழுவதும் ஆறாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. பீரான் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டாவது ஆட்டத்தில் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது ஆட்டத்துக்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பீரானே வாயடைத்துப் போகிற அளவுக்கு ஆட்டம் மோசம் என்றார்கள். மாமனாருக்கே சொல்ல ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்றார்கள்.

இதைக் கேட்டுப் பதறிய பீரான் நான்காவது ஆட்டத்தில் பாராட்டிப் பார்த்தார். நௌஃபல் ஓர் ஆளை மாற்றியதும் எழுந்து நின்று சத்தமாகக் கை தட்டினார். முப்பது வருடத்தில் அவர் கோச்சுக்குக் கை தட்டி யாரும் பார்த்ததில்லை. நையாண்டி என்று நினைத்துக் கேலரியே சேர்ந்து தட்டியது. இடைவேளை வரை, நௌஃபல் தண்ணீர் குடித்தாலும் தட்டினார்கள். பீரானுக்கு உட்கார்ந்த இடத்திலேயே காய்ச்சல் வந்தது போலிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு பேச்சு வந்தது, பீரான் பகிஷ்கரித்துவிட்டாராம்.

இதைவிடப் பெரிய கேடு பக்கத்து இருக்கையில் நடந்தது. மறுத்துப் பேச ஆளில்லாமல் போன சங்குண்ணி மாஷ், வேறு வழி தெரியாமல் காலியான வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். கோச்சுகளை இருபது வருடம் தாங்கிப் பேசிய வாய் கோச்சைக் குறை சொல்லக் கிளம்பியது. கணக்கு வாத்தியார் என்பதால் புள்ளிவிவரத்தோடு சொன்னார். ஊரில் எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை. ஜனவரி முடிவதற்குள் கமிட்டியில் பதினோரு பேரில் எட்டுப் பேர் நௌஃபலை மாற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கிவிட்டதாகக் குஞ்ஞாலி கடையில் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார். அணி தட்டுத்தடுமாறி அரையிறுதி வரை வந்திருந்தது, அது முடிந்ததும் கமிட்டி கூடும்.

அந்த வெள்ளிக்கிழமை நௌஃபல் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் கண்ணயர்ந்தபோது, ஜஸீலா சமையலறைப் பின்வாசலில் உப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"சவூதியில, தம்மாம்ல அவரோட அண்ணன் விசா ரெடி பண்ணி வெச்சிருக்காரு உப்பா. இங்க வேலை போச்சுன்னா அவரு போயிடுவாரு. போனா ரெண்டு வருஷம். பிள்ளை முகத்தைப் போன்லதான் பார்ப்பாரு" என்றாள்.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே மோளே" என்றார் பீரான்.

"அதான் வினையே. நீங்க திட்டினா மாஷ் சப்போர்ட் பண்ணுவாரு. பாதி ஊரு அவர் பின்னாடி வரும். நீங்க வாயை மூடினதும் ஊரு மொத்தமும் ஒரே பக்கம் போயிடுச்சு. நீங்க போய்ப் பழையபடி கத்துங்க."

"மருமகனை நாலு பேரு முன்னாடி கத்துறதா? உன் உம்மா என்னைக் கொக்கியில மாட்டிடுவா."

"உம்மாவை நான் பார்த்துக்கறேன். ஆட்டத்தைப் பத்தி மட்டும் பேசுங்க. வேற எதுவும் வேணாம்" என்றாள் ஜஸீலா. புருஷனிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்றும் அப்போதே முடிவானது.

செவ்வாய்க்கிழமை அரையிறுதி. எதிரணி குன்னத்து. பீரான் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆறாவது வரிசையில் போய் உட்கார்ந்ததும் மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் பாதியில் பீரான் அளவாகத்தான் கத்தினார். இடது பக்கம் ஆளே இல்லையே, கோல்கிக்கை ஏன் அவனிடம் கொடுக்கிறாய் என்பது மாதிரி, ஒருவர் மனமும் நோகாத கத்தல். அதில் உயிர் இல்லை என்பது கத்தியவருக்கே தெரிந்தது. மாஷும் அதற்குப் பதில் சொல்லவில்லை. வெட்டாத கத்தியை வீசுகிற கதைதான்.

இரண்டாம் பாதியில் கோஃபி ஒரு கோல் போட்டான். கானா நாட்டுப் பையன், இந்த சீசனில் பிரதர்ஸ் போட்ட கோல்களில் பாதிக்குமேல் அவன் காலில் பிறந்தவை. பத்து நிமிடம் மிச்சமிருந்தது. குன்னத்துக்காரர்கள் கோஃபியைக் காக்க மூன்று பேரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால்தான் அவர்களால் ஏறி வர முடியவில்லை. கால்பந்து தெரிந்த எவனுக்கும் இது தெரியும். அப்போது நௌஃபல் கையைத் தூக்கி கோஃபியை வெளியே கூப்பிட்டு, முப்பத்தெட்டு வயது தடுப்பாட்டக்காரன் ஒருவனை உள்ளே அனுப்பினான்.

பீரான் எழுந்தார். அந்த நொடியில் கமிட்டியும் விசாவும் மகளும் அவர் நினைவில் இல்லை. கண்ணெதிரே ஒரு நல்ல ஆட்டத்தை ஒருவன் கெடுக்கிறான், அதுதான் இருந்தது. இரண்டு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"டேய், அவனை ஏன்டா எடுக்கிற? மூணு பேரைக் கட்டிப் போட்டிருக்கான்டா அவன். அவனை எடுத்தா அந்த மூணு பேரும் உன் தலைக்குமேல வருவாங்கடா. முட்டியோட சேர்த்து மூளையையும் அறுத்து எடுத்துட்டாங்களாடா உனக்கு?"

கேலரி வெடித்துச் சிரித்தது. பழைய பீரான் வந்துவிட்டார் என்று யாரோ விசில் அடித்தார்கள். கோட்டோரம் நடந்துகொண்டிருந்த நௌஃபல் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, அவிழாத ஷூ நாடாவைக் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டிருந்தான். பீரான் அதைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

ஆனால் மாஷ் எழுந்துவிட்டார். ஒரு கோல் முன்னால் இருக்கும்போது கதவைச் சாத்துவதுதான் கணக்கு என்றார். கோஃபி இருபது நிமிடமாக நொண்டுவதை இந்த இறைச்சிக்காரன் பார்த்தானா என்று கேட்டார். கோஃபி நொண்டவில்லை, ஆனால் மாஷ் சொன்னதும் நொண்டியதாகப் பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். கேலரி இரண்டாகப் பிரிந்து ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தியது. அந்தச் சந்தடியில் குன்னத்து இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டுப் போனது. பீரான் சொன்ன அதே மூன்று பேர்தான் ஏறி வந்தார்கள். நான் அப்போதே சொன்னேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை கடையில் ஈரல் யாருக்கும் கூடுதலாக விழவில்லை. பீரான் பேசாமல் வெட்டினார். வரிசைதான் பேசியது. நௌஃபல் செய்தது சரி என்று பாதி, தப்பு என்று பாதி. வியாழக்கிழமை கமிட்டி கூடி, ஆறுக்கு ஐந்து என்று நௌஃபலையே வைத்துக்கொள்ள முடிவு செய்தது. மாஷ் எழுப்பிவிட்ட விவாதம்தான் மூன்று பேரின் மனதை மாற்றியது என்று குஞ்ஞாலி வந்து சொல்லி, ஒரு கிலோ நெஞ்செலும்பு வாங்கிக்கொண்டு போனார். ஜஸீலாவின் கணக்கு தப்பவில்லை.

ஆனால் ஜஸீலா உப்பாவின் போனை இரண்டு நாளாக எடுக்கவில்லை. ஆட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டிய கேமரா கிழக்குக் கேலரியை ஒட்டி இருந்தது. பீரான் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் போனில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவளும் கேட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நௌஃபலின் உம்மாவும் கேட்டாள். மகனின் முட்டிக்காக இரண்டு முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து காத்திருந்தவள் அவள். வியாழன் சாயங்காலம் சுலைகாவிடம் மட்டும் ஜஸீலா பேசினாள். கமிட்டி வைத்துக்கொண்டாலும் இனி இந்த வேலை வேண்டாம், தம்மாமுக்கே போகிறேன் என்று நௌஃபல் சொல்லிவிட்டானாம். நாளை வருவது சாப்பிட அல்ல, சொல்லிக்கொண்டு போக.

சுலைகா புருஷனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பீரானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "உங்க வாயால என் மகளுக்கு வந்ததைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். ஜஸீலா உப்பாவைப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். நௌஃபல் ஸலாம் சொல்லி மேசை முன்னால் உட்கார்ந்தான். பீரான் வழக்கப்படி நின்றுகொண்டே பரிமாறினார். நெய்ச்சோறும் வரட்டிய இறைச்சியும் வைத்தபடியே இருந்தன. நௌஃபல் ஒரு பத்திரியைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

"உப்பா சொன்னது சரிதான். கோஃபியை எடுத்திருக்கக் கூடாது" என்றான் கடைசியில். "அவனுக்கு நொண்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பயந்துட்டேன். இந்த ஒரு கோலைப் பிடிச்சு வெச்சா வேலை பொழைச்சுக்கும்னு தோணுச்சு."

நீ சொன்னது சரி என்று ஒரு கோச் வாயால் கேட்கப் பீரான் முப்பது வருடம் காத்திருந்தார். கேட்டதும் அவமானமாக இருந்தது. கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார். சமையலறை வாசலில் சுலைகாவும் ஜஸீலாவும் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது.

"முட்டியைப் பத்திச் சொன்னேனே, அது ஹராமான பேச்சு. என்னைப் பொறுத்துக்கணும்" என்றார். "அந்த முட்டி ஓடுறதைப் பார்த்துத்தான் நான் எத்தனையோ நாள் சந்தோஷமா வீட்டுக்கு வந்திருக்கேன். அதையே சொல்லிச் சிரிக்க வெச்சுட்டேன். உங்க உம்மாகிட்டயும் வந்து கேட்டுக்கறேன்."

மாமனார் மருமகனிடம் இப்படிக் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லாத விஷயம். சுலைகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நௌஃபல் கிள்ளிய பத்திரித் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒன்றுசேர்த்தான்.

"சரி. கோஃபியை எடுத்ததுக்குத் திட்டினீங்களே, அதுக்கும் பொறுத்துக்கணுமா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளின் கண் அவர் மேலேயே இருந்தது. ஐந்து மாத வயிற்றோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். பீரான் மேசையில் வைத்த கரண்டியை மறுபடி கையில் எடுத்தார்.

"அதுக்குக் கேக்க மாட்டேன். கோஃபியை எடுத்தது தப்பு. இப்ப எடுத்தாலும் தப்புதான்" என்றார்.

ஜஸீலா கண்ணை மூடிக்கொண்டாள். நௌஃபல் முதல் தடவையாக நிமிர்ந்து மாமனாரின் முகத்தைப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து பார்க்கிறவன் எல்லாம் நான் செஞ்சதுதான் சரிங்கிறான். மாஷ் வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போறாரு. எனக்கே தெரியும், அது தப்புன்னு. ஒருத்தன்கூட அதை மூஞ்சிக்கு நேரா சொல்லல" என்றான். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளினான். அந்த முட்டி மடங்காத காலால்தான்.

"உக்காருங்க. கோஃபியை எடுக்கக் கூடாது, சரி. அப்ப யாரை எடுத்திருக்கணும்?"

பீரான் வாசலைப் பார்த்தார். சுலைகா தலையை அசைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மருமகன் சாப்பிடுகிற மேசையில் எதிரே உட்கார்ந்து, "யாரையும் எடுத்திருக்கக் கூடாது" என்று அவர் ஆரம்பித்தார்.